முதல் புத்தகம் எது? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு என் தேர்வுகள்

பள்ளிப் பாடத்தோடு புத்தகத்தை மூடி வைத்த ஒருவர், இனிமேல் ஏதாவது படிக்கலாம் என்று நினைக்கிறார். எதை வாங்குவது? தருமபுரியில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற தம்பி கேட்பார். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தங்கை கேட்பார். காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் கேட்பார். பத்தாவது படிக்கும் மகனை செல்போனிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்று ஓர் அம்மா கேட்பார். "சார், நிறைய வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நல்லதா இருக்கணும்."

இதற்குப் பதிலாக 'படித்தே ஆக வேண்டிய நூறு நூல்கள்' மாதிரியான பட்டியலை நீட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தப் பட்டியல்கள் ஏற்கெனவே படிக்கிறவர்களுக்குத்தான் உதவும். முதல் புத்தகத்துக்கு நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள். ஒன்று, வாங்கியவர் அதைப் படித்து முடிப்பாரா? இரண்டு, முடித்ததும் அடுத்தது என்ன என்று கேட்பாரா? எவ்வளவு பெரிய புத்தகமாக இருந்தாலும் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டால் அந்த வாசகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் பார்த்தவரை, தன் ஊரோடும் தன் வாழ்க்கையோடும் எங்காவது தொட்டுக்கொள்கிற புத்தகத்தைத்தான் புதிய வாசகர்கள் முடிக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்றை எதிரெதிரே வைத்து, இந்த மாவட்டங்களில் வாழ்கிற ஒருவருக்கு எது பொருந்தும் என்று சொல்கிறேன்.

ராஜா கதையில் தொடங்க நினைப்பவர்கள்

பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள். அது சிறந்த கதை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வாசகரை அடுத்த வாரத்துக்கு இழுத்துப் பிடிக்கிற முடிச்சு இருக்கும். ஆனால் ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் படிக்கிறவருக்கு அது பல மாத வேலை. நடுவில் ஒரு கல்யாணமோ அறுவடையோ வந்து விட்டுப்போனால், திரும்பி வரும்போது யார் பழுவேட்டரையர், யார் கடம்பூர் சம்புவரையர் என்று முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கும்.

கல்கியையே படிக்க வேண்டும் என்றால் 'பார்த்திபன் கனவு' வாங்குங்கள். 1940களின் தொடக்கத்தில் எழுதிய அவருடைய முதல் சரித்திர நாவல். உறையூர்ச் சோழன், அவன் மகன் விக்கிரமன், எதிர்ப்பக்கம் நரசிம்மவர்ம பல்லவன், அவன் மகள் குந்தவி என்று ஆட்கள் குறைவு. கதை நேராக ஓடும். சிவனடியார் யார் என்ற ரகசியத்தைப் பாதியிலேயே ஊகித்துவிடுவீர்கள். ஊகித்த பிறகும் கீழே வைக்க மனம் வராது. 'சிவகாமியின் சபதம்' இதற்குப் பின் எழுதப்பட்டது, ஆனால் கதை நடக்கும் காலம் இதற்கு முந்தியது. எழுதிய வரிசையிலேயே படிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. பார்த்திபன் கனவில் முதிர்ந்த அரசனாகப் பார்த்த நரசிம்மவர்மனை, பிறகு சிவகாமியின் காதலனாகப் பார்க்கும்போது அந்தப் பாத்திரத்தின் கனம் கூடிவிடும்.

மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, அந்த ஆர்வம் குறையாமல் இருப்பவர்கள் மட்டும் நேராகப் பொன்னியின் செல்வனுக்குப் போகலாம். அவர்களுக்கு முகங்கள் மனதில் இருக்கின்றன, பெயர்க் குழப்பம் வராது. அப்போதும் ஐந்து பாகத்தையும் ஒரே தடவையில் வாங்க வேண்டாம், முதல் பாகம் போதும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. விலையும் எழுத்தின் அளவும் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். கடையில் நின்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்து, கண்ணுக்கு உறுத்தாத பதிப்பை எடுங்கள். பொடி எழுத்தில் நெருக்கி அடித்த மலிவுப் பதிப்பு வாசகரை விரட்டிவிடும்.

பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள்

நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் இருந்தால் பாரதக் கூத்து இருக்கும். விடிய விடிய ஆடி, கடைசி நாளில் துரியோதனன் படுகளத்தில் முடியும். இந்தக் கூத்தைத் திண்ணையிலும் மண்தரையிலும் உட்கார்ந்து பார்த்த ஒருவருக்கு, மகாபாரதம் ஏற்கெனவே காதில் இருக்கிறது. அவருக்கு நான் தயங்காமல் சொல்வது ராஜாஜியின் 'வியாசர் விருந்து'.

ராஜாஜி நம்ம ஆள். 1878இல் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர்; அந்த வீடு இன்றைக்கு நினைவில்லமாக இருக்கிறது. அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ராமாயணம். விருது அதற்குத்தானே கிடைத்தது, அதையே வாங்கலாமே என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே கையெழுத்துதான். சின்னச் சின்ன அத்தியாயங்கள், எளிய வாக்கியங்கள், இடையில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற விளக்கங்கள். ஆனாலும் நம் ஊர் வாசகருக்கு வியாசர் விருந்துதான் முந்தும். கூத்தில் கர்ணனாகவும் துச்சாதனனாகவும் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே எழுத்தில் வருகிறார்கள். கூத்தில் நாம் பார்த்த கதை எங்கே வியாசரிடமிருந்து விலகுகிறது, எங்கே ஒட்டுகிறது என்று வாசகரே கண்டுபிடிக்கத் தொடங்குவார். அந்த ஆர்வம் ஒன்று போதும், புத்தகம் முடிந்துவிடும்.

எஸ். ராமகிருஷ்ணனின் 'உப பாண்டவம்' இதே கதையை நவீன நாவலாக, ஓரத்தில் நிற்கிற பாத்திரங்களின் பக்கமிருந்து சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நாவல். ஆனால் மூலக்கதை முழுதாகத் தெரிந்த பிறகு எடுங்கள். வியாசர் விருந்தை முடித்த கையோடு எடுத்தால் இரண்டுமே இன்னும் பெரிதாகத் தெரியும்.

மண்ணும் மக்களும்

எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். இங்கே இரண்டு நாவல்களை வைக்கிறேன்: கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. இரண்டுமே அளவில் சிறியவை. ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

கோபல்ல கிராமம் 1976இல் வந்தது. கதை நடப்பது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில். நமக்கும் அதற்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனால் கிருஷ்ணகிரி, ஓசூர், பாகலூர், தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு இந்த நாவல் சொந்தக்காரர் வீட்டுக் கதை. தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் பயந்து ஓடிவந்த ஒரு கூட்டம், காட்டை அழித்து, நிலம் திருத்தி, ஒரு ஊரை உண்டாக்குகிற கதை. மங்கத்தாயாரு அம்மாள் என்ற மிக வயதான பாட்டி அந்தப் பயணத்தைச் சொல்லும் பக்கங்களைப் படித்துவிட்டு, ஓசூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் தன் பாட்டியிடம் போய், "அவ்வா, நாம எங்கேருந்து வந்தோம்?" என்று கேட்டாராம். ஒரு நாவல் இதைவிட என்ன செய்ய வேண்டும்? கி.ரா. எழுத்தில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. அவர் எழுதுவது பேசுவதைப் போலவே இருக்கும். கரிசல் வட்டாரச் சொற்கள் முதல் இருபது பக்கம் தடுக்கும். அதன்பிறகு காது பழகிவிடும்.

சோளகர் தொட்டி வேறு மாதிரி. 2004இல் வெளிவந்தது. எழுதியவர் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் இருப்பவர். சத்தியமங்கலம் மலையில், கர்நாடக எல்லையை ஒட்டி, சோளகர் என்ற பழங்குடி மக்கள் வாழும் ஓர் ஊர். முதல் பாதியில் ராகி விதைப்பும் தேன் எடுப்பும் கோயில் நோன்பும் காதலும் சண்டையுமாக அந்த மக்களின் வாழ்க்கை விரிகிறது. இரண்டாம் பாதியில் வீரப்பன் தேடுதல் வேட்டை என்ற பெயரில் அந்த வாழ்க்கை எப்படி நொறுக்கப்பட்டது என்று வருகிறது. முகாம்களில் நடந்த சித்திரவதைகளை அவர் மறைக்காமல் எழுதுகிறார். சில பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்று, பிறகு திரும்பிப் போனேன்.

தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு இது தூரத்துக் கதை ஆகாது. சத்தியமங்கலம் வேறு, நம் அரூர் வேறு. நாவல் அரூரைப் பற்றியதும் இல்லை. ஆனால் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்து, ஊர் மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது 2011 செப்டம்பரில். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு வருடம். இந்தக் கணக்கைத் தெரிந்தவர் சோளகர் தொட்டியைப் படிக்கும்போது, 'இதெல்லாம் நடக்குமா?' என்ற கேள்வியே எழாது. காட்டோரத்து ஏழைக்கு அரசு என்றால் யார், எந்த உருவத்தில் அவன் வாசலுக்கு வரும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன தமிழ் நாவல்கள் குறைவு.

இரண்டில் எது? படிப்பில் புதியவர், மனது கொஞ்சம் மென்மையானவர் என்றால் கோபல்ல கிராமம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சோளகர் தொட்டியைக் கொடுக்காதீர்கள். ஆனால் அரசு வேலைக்குப் படிக்கிற ஒவ்வொருவரும், குறிப்பாகக் காவல்துறை, வனத்துறைத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள், வேலையில் சேருவதற்கு முன் சோளகர் தொட்டியைப் படித்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நம் மாவட்டத்தில் அந்தத் தேர்வு எழுதும் பிள்ளைகள் ஏராளம். பொது அறிவுக் கையேட்டுக்கு நடுவே இந்த ஒன்றையும் வையுங்கள்.

காடு

ராகி விளைகிற காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கி தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை என்று வருவது நமக்குப் புதிது இல்லை. இங்கே காவிரி வடக்கு காட்டுயிர் சரணாலயம் 2014இல் வந்தது, காவிரி தெற்கு 2022இல். காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்குக் காட்டைப் பற்றிய புத்தகம் தனியாக ஒன்று சொல்லத்தான் வேண்டும்.

ஆங்கிலம் சரளமாகப் படிக்கிறவர்களுக்கு கென்னத் ஆண்டர்சனை மறக்காமல் சொல்வேன். பெங்களூர்க்காரர். 1954இல் வந்த அவருடைய முதல் வேட்டைக் கதைத் தொகுப்பே ஜவளகிரி ஆட்கொல்லிப் பெண்புலியில்தான் தொடங்குகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் என்று நாம் பஸ் பலகையில் பார்க்கும் பெயர்கள் எல்லாம் அவர் கதைகளில் வருகின்றன. சின்னாற்றங்கரையில் அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த பைரா என்ற மனிதரைப் பற்றி அவர் எழுதியிருப்பது, வேட்டைக் கதையைத் தாண்டிய ஒரு நட்பின் கதை. சுவாரசியம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் அது வேட்டைக்காரரின் கண். துப்பாக்கிக்குப் பின்னாலிருந்து பார்த்த காடு. உள்ளூர் மக்களைப் பற்றிய பேச்சில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோரணை சில இடங்களில் தட்டும்.

எதிர்ப்பக்கத்தில் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வந்த ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதியவர். ஓவியர், புகைப்படக்காரர். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று கொடுத்திருக்கிறார். வீட்டுக் கூரையில் உட்காரும் பறவை, வேலியோரத்து ஓணான், தோட்டத்துக் கீரி என்று நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் விடுகிற உயிர்களைப் பற்றிய சின்னக் கட்டுரைகள். விறுவிறுப்பு குறைவு. ஆனால் படித்த மறுநாள் காலையில் கண் வேறு மாதிரி பார்க்கும்.

மூன்றாவதாக ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. நீண்ட சிறுகதை, ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். வனத்துறைக் கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை வைத்து எழுதியது. சுற்றுலா வருகிறவர்கள் குடித்துவிட்டு உடைத்துப் போடும் பீர் பாட்டில், யானையின் காலுக்குள் ஏறி அது சீழ்ப்பிடித்துச் சாகிற வேதனையை அதில் படித்த எவரும் காட்டில் பாட்டிலை எறிய மாட்டார். ஒகேனக்கல்லுக்கு வருகிற வேன்களில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுக்க எனக்கு ஆசை.

இந்த மூன்றில் புதியவருக்கு யானை டாக்டர்தான். வாங்குவதானால் அதைத் தனியாக வாங்காமல், அந்தக் கதை இடம்பெற்ற 'அறம்' தொகுப்பையே வாங்குங்கள். ஏன் என்று அடுத்து சொல்கிறேன். பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருப்பவருக்கு மட்டும் மா. கிருஷ்ணனை முதலில் வைப்பேன்.

சிறுகதை: எனக்குள் நடக்கிற இழுபறி

'அறம்' 2011இல் வந்தது. நிஜ மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து எழுதிய கதைகள். திருவனந்தபுரத்தில் சோறு போட்டு, யாரிடமும் பணம் கேட்காமல், முடிந்ததை உண்டியலில் போடச் சொன்ன கெத்தேல் சாகிப்பின் 'சோற்றுக்கணக்கு' அதில் இருக்கிறது. படிக்காத மனிதரைக்கூட வாய்விட்டுப் படித்துக் காட்டினால் அழ வைக்கும். ஊரைவிட்டு வெளியூரில் தங்கிப் படித்தவர்கள், பசியோடு படித்தவர்கள் இதில் தங்களைப் பார்ப்பார்கள். நம் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! 'நூறு நாற்காலிகள்' கடினமான கதை. சாதி ஒரு மனிதனின் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று சொல்வது. அதைக் கடைசியில் படியுங்கள்.

அறத்துக்கு எதிரே நான் வைப்பது கு. அழகிரிசாமி. அவர் கதைகளில் உரத்த குரல் இல்லை. 'ராஜா வந்திருக்கிறார்' தீபாவளிக்குப் புதுத்துணி இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் கதை. 'அன்பளிப்பு' தனக்கும் ஓர் அன்பளிப்பு கிடைக்காதா என்று ஏங்குகிற ஒரு சிறுவனின் கதை. 'அன்பளிப்பு' கதையின் கடைசி வரியைப் படித்த பிறகு யாருக்கும் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்காமல் இருக்க முடியாது. உண்மையைச் சொன்னால், இரண்டில் அழகிரிசாமியைத்தான் நான் பெரிய கலைஞர் என்பேன். அறம் நம்மைப் பிடித்து உலுக்குகிறது. அழகிரிசாமி ஒன்றும் செய்யாதது போல இருந்து, பல வருடம் கழித்தும் நினைவுக்கு வருகிறார். ஆனால் முதல் புத்தகம் என்ற கேள்விக்கு அறம்தான் என் பதில், ஏனென்றால் அதை யாரும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு மட்டும் அழகிரிசாமி.

சிறுகதை பிடித்துப்போனால் அடுத்து ஓசூரில் வாழும் ஆதவன் தீட்சண்யாவுக்கு வாருங்கள். அரூர்ப் பக்கத்துக்காரர். ஒடுக்கப்பட்டவர்களின் கோபம் அவரிடம் கூர்மையான மொழியாக வருகிறது. ஓசூரிலிருந்தே எழுதும் பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' பெரிய நாவல், அளவிலும் சிக்கலிலும். பல வருடம் படித்துப் பழகியவர்களுக்கு மட்டும்.

சுருக்கமாகச் சில

பெங்களூர் பஸ்ஸில் படிக்க ஒன்று வேண்டும் என்றால் சுஜாதா. 'கொலையுதிர் காலம்' வாங்கலாமா, 'என் இனிய இயந்திரா' வாங்கலாமா என்றால் முன்னது. துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும், பேயா விஞ்ஞானமா என்ற புதிரும் இன்றைக்கும் பழசாகவில்லை. பின்னது எதிர்காலம் என்று கற்பனை செய்த வருடங்களை நாம் தாண்டி வந்துவிட்டோம். ஆனாலும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னையில் ஒரு தெருவில் தண்ணீர் இல்லாத நாட்களின் கதை. ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கை. குடம், பம்பு, லாரி, வரிசை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், ஃபுளோரைடு கலந்த போர்த் தண்ணீரைக் குடித்துப் பல்லில் மஞ்சள் கறை ஏறிய தலைமுறை நம்முடையது. குடத்தோடு காத்திருந்த பெண்கள் எல்லாரும் இந்த நாவலைத் தன் கதை என்பார்கள். மிகச் சிறிய நாவல். வீட்டில் அம்மாவுக்கு, அக்காவுக்கு வாங்கித்தர இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தன்வரலாறு என்றால் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்றது. தடித்த புத்தகம்தான். ஆனால் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்கிற இடத்தில் தொடங்குங்கள். அந்தாதி, கலம்பகம், கோவை என்று படித்ததையெல்லாம் அடுக்கிய இளம் ஆசிரியரிடம், பழைய நூல்கள் எதையாவது படித்தீர்களா என்று கேட்டு, சீவக சிந்தாமணியைக் கையில் கொடுத்து, தமிழின் பழைய இலக்கியமே மீண்டுவர வழி செய்தவர் ஒரு சேலத்துக்காரர். நம் தருமபுரி அன்றைக்கு சேலம் மாவட்டம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இந்த நூல் இரட்டைப் பயன் தரும்.

பிள்ளைகளுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள். 'டோட்டோ-சான்', ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளிக்கூடக் கதை. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. முதல் நாளில் தலைமையாசிரியர் கோபயாஷி அந்தச் சிறுமி பேசி முடிக்கும்வரை மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'குட்டி இளவரசன்' பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தது. அழகான மொழிபெயர்ப்பு, ஆனால் அதன் ஆழம் பிடிபட வயது வேண்டும். எட்டு முதல் பதின்மூன்று வயதுக்கு டோட்டோ-சான், கல்லூரி போகும் வயதில் குட்டி இளவரசன். அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: டோட்டோ-சானை முதலில் நீங்கள் படியுங்கள். பிள்ளையின் வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

அதியமானும் ஔவையும்

கடைசியாகச் சொல்வதால் கடைசித் தரம் என்று எண்ண வேண்டாம். அதியமான்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் புறநானூற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தகடூர் என்று பெயர் கொண்ட நம் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி கற்பனை மனிதன் இல்லை. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் தமிழ்பிராமி என்ற பழைய எழுத்தில் அவன் பெயர் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. அவனைப் பற்றிய 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைக்காமல் போனது. சில பாடல்களே மிஞ்சின. அந்தக் குறையைத் தீர்ப்பவை ஔவையின் புறநானூற்றுப் பாடல்கள்.

எந்தப் பதிப்பு என்பதுதான் இங்கே ஒப்பிட வேண்டியது. 1894இல் உ.வே.சா. வெளியிட்ட பதிப்பு பழைய உரையோடு வருவது, அது அறிஞர்களுக்கு. ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரை விரிவானது, சொல் சொல்லாக விளக்கும், வரலாற்றுக் குறிப்பும் தரும். தமிழ் படித்த மாணவருக்கும் ஆசிரியருக்கும் அதுவே சிறந்தது. புலியூர்க் கேசிகன் உரை எளிது, கைக்கு அடக்கம், விலையும் குறைவு. புதியவர் புலியூர்க் கேசிகனை வாங்கட்டும். பாட்டு பிடித்த பிறகு துரைசாமிப் பிள்ளையை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டு எடுத்து, அதே பாட்டின் உரையை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நானூறையும் வரிசையாகப் படிக்காதீர்கள். 206இல் தொடங்குங்கள். பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாயிற்காவலனிடம், எங்கே போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று ஔவை சொல்லிவிட்டுக் கிளம்பும் பாட்டு. புலவருக்கு இருந்த தன்மானம் எப்படிப்பட்டது என்று அதில் தெரியும். அடுத்து 87. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் எங்கள் அதியமான் என்கிறார். பிறகு 95. தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் படைக்கலங்கள் மாலை சூட்டி நெய் பூசி அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லும் பாட்டு. புகழ்வது போலவே சொல்லி, போரே அறியாதவன் நீ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். 99இல் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று வருகிறது. பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற விவசாயிக்கு இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். நெல்லிக்கனிப் பாட்டு 91; அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் நடுவில் வைக்கலாம். 235ஐ மட்டும் கடைசிக்கு ஒதுக்குங்கள். அது அதியமான் இறந்த பிறகு ஔவை பாடியது. முந்தைய பாடல்களில் அவனோடு கொஞ்சமாவது பழகிவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும்.